ஒரே வார்ப்பில் 58 உலைகள்

சென்ற பகுதியை எண்ணெய் நெருக்கடியில் நிறுத்தியிருந்தோம். 1973 அக்டோபர் போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் குழாயை இறுக்க, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. அடி எல்லா நாடுகள் மீதும் விழுந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்கவில்லை. அமெரிக்காவுக்குச் சொந்தக் கிணறுகள் இருந்தன. மேற்கு ஜெர்மனியிடம் நிலக்கரி இருந்தது. பிரிட்டனுக்கு நிலக்கரியோடு வட கடல் எண்ணெயும் வந்து சேரவிருந்தது. பிரான்சிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அதன் நிலக்கரிச் சுரங்கங்கள் செலவு பிடித்தவை. ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தவை. நாடு செலவிட்ட எரிசக்தியில் முக்கால் பங்கு வெளியிலிருந்து வந்தது. மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெயை எரித்தே கிடைத்தது. இந்த நிலையில்தான் 1974 மார்ச் 6 அன்று பிரதமர் பியேர் மெஸ்மெர் தொலைக்காட்சியில் தோன்றினார். நம் மண்ணில் எண்ணெய் இல்லை, நிலக்கரியும் அண்டை நாடுகளைவிடக் குறைவு, நமக்கு வாய்த்திருப்பது அணுமின்சாரம்தான் என்ற பொருள்பட மக்களிடம் பேசினார். இரண்டு ஆண்டுகளுக்குள் 13 அணு உலைகளுக்கு வேலை தொடங்குவது என்று அரசு தீர்மானித்திருந்தது. நாடாளுமன்றத்தில் இதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. முடிவுக்குத் தலைமை வகித்த குடியரசுத் தலைவர் ஜார்ஜ் பொம்பிது கடும் நோயில் இருந்தார். ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 2 அன்று இறந்துபோனார். திட்டம் மெஸ்மெர் பெயரில் நிலைத்தது.

இன்றைக்குப் பருவநிலை மாநாடுகளில் அணுசக்திக்காக வாதாடுகிறவர்கள் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது பிரான்சைத்தான். அங்கே ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு 2024-இல் 25 கிராமுக்கும் குறைவு. ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனிக்குப் போனால் அதே யூனிட்டுக்கு 300 கிராமுக்கு மேல். இந்தியாவில் 700 கிராமைத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், மெஸ்மெர் திட்டத்தின் காரணங்களில் கரியமில வாயுவுக்கு இடமே இல்லை. வளைகுடாவுக்குக் கட்டும் டாலரைக் குறைப்பது, யார் கையையும் எதிர்பாராமல் இருப்பது, நாட்டின் கனரகத் தொழிலுக்கு வேலை கொடுப்பது என்ற மூன்று கணக்குகள்தான் இருந்தன. காற்று தூய்மையானது, கரும்பு ஆலையில் சர்க்கரையோடு மொலாசஸ் வருவதுபோல, உபரியாக வந்த பலன். ஆகவே பிரான்சின் கதையிலிருந்து 'அணுசக்தி இருந்தால் கரி குறையும்' என்ற முடிவுக்கு நேராகத் தாவுவது சரியில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அணு உலைகள் இருந்தன. அமெரிக்காவில் எண்ணிக்கையிலேயே பிரான்சைவிட அதிகம். அங்கெல்லாம் நடக்காதது இங்கே மட்டும் ஏன் நடந்தது என்று கேட்டால், விடை உலையின் உள்ளே கிடைப்பதில்லை. யார் வாங்கினார், எத்தனை வாங்கினார், எத்தனை ஆண்டு தொடர்ந்து வாங்கினார் என்று கொள்முதல் ஏட்டைப் புரட்டினால் கிடைக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது அதைத்தான்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. பிரான்சில் அணுவுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, போர் முடிந்த கையோடு 1945 அக்டோபரில் தெ கோல் தொடங்கிய அணுசக்தி ஆணையம். விஞ்ஞானிகளின் கோட்டை, குண்டுக்கான புளூட்டோனியமும் அங்கிருந்துதான் வந்தது. மற்றொன்று, 1946-இல் தனியார் மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி உருவாக்கிய மின்வாரியம், ஈடிஎஃப். ஆணையம் வடிவமைத்த உலைகள் இயற்கை யுரேனியத்தை எரித்து, கிராஃபைட்டை மட்டுப்படுத்தியாகவும் கரியமில வாயுவைக் குளிர்விப்பானாகவும் கொண்டவை. யுரேனியத்தைச் செறிவூட்டத் தேவையில்லை, அமெரிக்காவிடம் கை நீட்டத் தேவையில்லை. தெ கோலுக்கு உவப்பான உலை. ஆனால் உருவத்தில் பெரியது, கட்டச் செலவு அதிகம், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து மாறுபட்டது. 1969 அக்டோபரில் லுவார் ஆற்றங்கரையில் உள்ள செயிந்த் லொராங் நிலையத்தில் எரிபொருள் ஏற்றும்போது நேர்ந்த தவறால் சுமார் 50 கிலோ யுரேனியம் உருகியது. மின்வாரியத்தின் தலைமை இயக்குநராக 1967 முதல் இருந்த மார்செல் புவத்தே வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொறியாளர் அல்லர். கணிதம் படித்துப் பொருளாதாரத்துக்கு வந்தவர். அரசு நிறுவனம் எந்த விலைக்கு விற்க வேண்டும் என்பது பற்றி அவர் எழுதிய கோட்பாடு இன்றும் பொருளாதாரப் பாடநூல்களில் அவர் பெயரோடு இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு என்ன செலவாகிறது என்று மட்டுமே கேட்ட அவருக்கு, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் விற்ற அழுத்த நீர் உலை மலிவாகத் தெரிந்தது. குடியரசுத் தலைவர் தெ கோல் பதவி விலகிய 1969-ஆம் ஆண்டின் இறுதியிலேயே பொம்பிது அரசு கிராஃபைட் உலைகளைக் கைவிட்டது. சொந்தச் சரக்கை ஒதுக்கி அந்நியச் சரக்கை எடுத்ததை விஞ்ஞானிகள் பலர் துரோகமாகவே பார்த்தார்கள். ஆணைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எண்ணெய் நெருக்கடி வந்தபோது பிரான்ஸ் மளமளவென்று உலைகளை அடுக்க முடிந்ததற்கு, இந்தச் சண்டை நான்கு ஆண்டுகள் முன்பே முடிந்துபோயிருந்தது பெரிய காரணம். நெருக்கடி வந்த பிறகு எந்த உலை என்று சண்டையிட்டிருந்தால் எழுபதுகள் அதிலேயே கழிந்திருக்கும்.

எப்படிக் கட்டினார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், சாரம் அங்கேதான். வாங்குகிறவர் ஒருவர்: மின்வாரியம். உலையைச் செய்கிறவர் ஒருவர்: வெஸ்டிங்ஹவுஸ் உரிமத்தோடு ஃப்ராமத்தோம். கொதிநீர் உலை என்ற போட்டி வகைக்கும் கொடுத்திருந்த ஆர்டரை 1975-இல் ரத்து செய்து, போட்டியாளரையே இல்லாமல் ஆக்கினார்கள். டர்பைனை ஆல்ஸ்தோம் செய்தது. எஃகுக் கலன்களுக்கான வார்ப்பு லெ க்ரெசோ ஆலையில் நடந்தது. 900 மெகாவாட் என்று ஓர் அளவை எடுத்து, ரைன் கரையின் ஃபெஸ்ஸென்ஹைமிலும் ரோன் கரையின் பூஜேயிலும் முதல் ஆறு உலைகளைக் கட்டினார்கள். பிறகு 18 உலைகளுக்கு ஒரே ஒப்பந்தம். அடுத்து 10 உலைகளுக்கு இன்னொன்று. ஆக 34 உலைகள், ஏறக்குறைய ஒரே வரைபடம். டன்கிர்க் பக்கத்தில் கிராவ்லின் என்ற ஒரே இடத்தில் மட்டும் ஆறு. தையல்காரர் ஒரே அளவுக்கு முப்பது சட்டை வெட்டுவதுபோல என்று சொன்னால் மிகையில்லை. முதல் சட்டைக்குத்தான் நேரம் பிடிக்கும். ஓர் இடத்தில் வெல்டிங் முடித்த குழு கருவிகளோடு அடுத்த இடத்துக்குப் போய் அதே இணைப்பை மறுபடி வைத்தது. ஓர் உலையில் பயிற்சி பெற்ற இயக்குநர் இன்னொன்றின் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் எந்த விசை எங்கே என்று தேட வேண்டியதில்லை. பெரும்பாலான உலைகள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் முடிந்தன. 1980, 1981 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட உலைகள் மின்தொடரில் இணைந்தன. பிறகு 1300 மெகாவாட்டில் 20, 1450 மெகாவாட்டில் 4. எல்லாம் சேர்த்து 58. அமெரிக்காவில் அதே காலத்தில் பத்துக் கணக்கான மின் நிறுவனங்கள், நான்கு உற்பத்தியாளர்கள், ஆளுக்கொரு வரைபடம். அறுத்துத் தைப்பதிலேயே காலம் போயிற்று.

பலன் கண்ணெதிரே தெரிந்தது. நெருக்கடி ஆண்டில் மின்சாரத்தில் அணுவின் பங்கு 8 சதவீதம் அளவில் இருந்தது. 1990-இல் முக்கால் பங்கு. எண்ணெய் மின் நிலையங்கள் குளிர்கால உச்சத்துக்கு மட்டும் எழுப்பப்படும் நிலைக்குப் போயின. எழுபதுகளின் இறுதிக்கும் எண்பதுகளின் இறுதிக்கும் இடையில், எரிபொருள் எரிப்பால் நாடு வெளியிட்ட கரியமில வாயு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. பருவநிலை ஒப்பந்தம் எதுவும் இல்லாத காலத்தில், பொருளாதாரம் சுருங்காமலே இது நடந்தது. மின்சாரம் பெருகியதால் மற்ற முடிவுகளும் மாறின. பாரிஸ்-லியோன் அதிவேக ரயிலின் முதல் மாதிரி வாயு டர்பைனில், எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடியது. விலையேற்றத்துக்குப் பிறகு அதை மின்சார ரயிலாக மாற்றினார்கள். 1981-இல் ஓடத் தொடங்கிய டிஜிவி அதுதான். வீடுகளில் மின்சார ஹீட்டர், இரவில் மலிவுக் கட்டணத்தில் கொதிக்கும் வெந்நீர்த் தொட்டி. உலை இரவிலும் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த மின்சாரத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு மக்களாட்சி பற்றியது. இப்படி ஒரு திட்டத்தைப் பாரிசின் சில உயர்கல்விக் கூடங்களில் படித்த பொறியாளர்கள் கூடிப் பேசித் தீர்மானித்தார்கள்; மக்களைக் கேட்கவில்லை. குற்றச்சாட்டு முழு உண்மை. 1975 பிப்ரவரியில் 400 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, பாதுகாப்பு பற்றிய முழுத் தகவலும் வராதவரை உலைகளை ஏற்காதீர்கள் என்று மக்களுக்கு வேண்டுகோள் விட்டார்கள். கையெழுத்திட்டவர்கள் அணுவைப் புரியாத பாமரர்கள் இல்லை. பலர் அணு இயற்பியலாளர்கள். 1977 ஜூலையில் க்ரேஸ்-மால்வில் என்ற ஊரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் வீசிய கையெறி குண்டில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இறந்தார். பிரித்தானி கடற்கரையில் ப்ளோகோஃப் மக்கள் கல்லும் கவணும் கொண்டு நின்று, 1981-இல் சோஷலிஸ்ட் மித்தெரான் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும் அங்கே வரவிருந்த நிலையத்தை ரத்து செய்ய வைத்தார்கள். ஆனால் அதே மித்தெரான் மற்ற ஊர்களில் நடந்துகொண்டிருந்த வேலையை நிறுத்தவில்லை. சோஷலிஸ்டுகளோடு ஆட்சியில் அமர்ந்த கம்யூனிஸ்டுகளும் அவர்களுடைய தொழிற்சங்கமும் உலைகளை ஆதரித்தார்கள். மின்வாரியம் அவர்களுடைய கோட்டை. வலதும் இடதும் மாறி மாறி ஆண்டும் ஆர்டர் ஏடு மூடப்படாததற்கு இந்த விசித்திரக் கூட்டணி காரணம். இது மக்களின் சம்மதம் ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திட்டம் சர்வாதிகாரத்தால்தான் சாத்தியமானது என்று சொல்வதும் பொருந்தாது. இருபத்தைந்து ஆண்டுக் காலத்தில் பல தேர்தல்கள் நடந்தன. திட்டத்தைக் கலைக்க வாக்குக் கேட்டவர்கள் பெரும்பான்மை பெறவில்லை.

இரண்டாவது மறுப்பு, என் வாதத்தின் கழுத்திலேயே கை வைப்பது. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தால், அச்சில் ஒரு கோணல் இருந்தால் எல்லாவற்றிலும் அதே கோணல் இருக்குமே? இருந்தது. 1979-இல் ஃப்ராமத்தோம் தயாரித்த பாகங்களில் நுண்விரிசல்கள் இருப்பது வெளியில் வந்தபோது, எரிபொருளை ஏற்ற மாட்டோம் என்று தொழிலாளர்கள் கிராவ்லின், த்ரிகாஸ்தான் நிலையங்களில் மறுத்து நின்றார்கள். 1991-இல் பூஜே நிலையத்தின் மூன்றாவது உலையில் கலன் மூடியில் கசிவு தெரிந்தது. ஒன்றில் தெரிந்ததைத் தேடிப் போனால் பலவற்றில் இருந்தது. அடுத்த ஆண்டுகளில் மூடிகளை வரிசையாக மாற்றினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 2021 டிசம்பரில். நாட்டிலேயே புதிய நிலையமான சிவோவில், அவசரக் குளிர்விப்புக் குழாய்களில் அரிமான விரிசல்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மிஞ்சியிருந்த 56 உலைகளில் 32 நின்றுகிடந்தன, சில பராமரிப்புக்காக, சில விரிசலுக்காக. உக்ரைன் போரால் ரஷ்ய எரிவாயு நின்ற அதே ஆண்டு அது. அணு மின் உற்பத்தி 279 டெராவாட் மணிக்கு விழுந்தது. மூன்று ஆண்டுகள் முன்பு அது 379. நாற்பது ஆண்டுகளாக அண்டை நாடுகளுக்கு விற்ற பிரான்ஸ், மொத்தக் கணக்கில் வாங்கும் நாடாயிற்று. மின்வாரியத்துக்கு அந்த ஆண்டு நஷ்டம் 17.9 பில்லியன் யூரோ.

ஒரே அச்சு என்ற கொள்கைக்கு இது மரண அடி என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை. விரிசல் எந்த உலைகளில் வந்தது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதிகம் பாதிக்கப்பட்டவை 1450 மெகாவாட் உலைகளும், 1300 மெகாவாட்டில் பின்னால் வந்த வகையும். வெஸ்டிங்ஹவுஸ் வரைபடத்தை ஒட்டிக் கட்டிய பழைய 900 மெகாவாட் உலைகளில், அதாவது நாற்பது வயதைத் தொட்ட கிழங்களில், பாதிப்பு சொற்பம். எண்பதுகளில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் வடிவமைப்பைத் தம்முடையதாக்கிக் கொண்டபோது அந்தக் குழாய்களின் போக்கை மாற்றினார்கள். மாற்றிய வளைவுகளில் சூடான நீரும் ஆறிய நீரும் அடுக்கடுக்காக நின்று உலோகத்தை வாட்டின. முப்பத்து நாலு முறை செய்து பார்த்த வடிவம் தாக்குப்பிடித்தது. நாலே நாலு செய்த வடிவம் விரிசல் விட்டது. பொதுக் குறை வந்தால் பொதுவாக முடங்கும் என்ற எச்சரிக்கை செல்லும். அதனால் ஒரு நாடு எழுபது சதவீத மின்சாரத்தை ஒரே குடும்ப உலைகளிடம் ஒப்படைப்பது அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன். ஆனால் 2022 நமக்குக் காட்டும் குற்றவாளி திரும்பச் செய்தல் அன்று. 2024-இல் உற்பத்தி 360 டெராவாட் மணியைத் தாண்டி மீண்டது. நிகர ஏற்றுமதி 89 டெராவாட் மணி என்று அதுவரை காணாத அளவைத் தொட்டது.

செலவு பற்றிய மறுப்பும் இதோடு பின்னிக் கிடக்கிறது. ஆர்னுல்ஃப் க்ரூப்ளர் என்ற ஆய்வாளர் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டக் கட்டச் செலவு குறையும் என்பது தொழில்துறையின் நம்பிக்கை. பிரான்சில் கட்டக் கட்டச் செலவு ஏறியிருக்கிறது, உலகிலேயே ஒழுங்கான திட்டத்தின் கதி இது என்றால் மற்றவர்கள் கதி என்ன என்று அவர் கேட்டார். கூர்மையான கேள்வி. 2012-இல் பிரெஞ்சுத் தணிக்கை மன்றம் உண்மைக் கணக்குகளை வெளியிட்ட பின் வேறு ஆய்வாளர்கள் மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். ஏற்றம் உண்டு, ஆனால் அவர் சொன்ன அளவுக்கு இல்லை. அதைவிட முக்கியம், ஒரே மாதிரியான உலைகளுக்குள் செலவு கட்டுக்குள் இருந்தது. 900-இலிருந்து 1300-க்கும், பிறகு 1450-க்கும் தாவிய ஒவ்வொரு முறையும் எகிறியது. பெரிதாகச் செய்தால் மலிவாகும் என்ற ஆசை பொறியாளர்களை விட்டதே இல்லை. கடன் என்ற இன்னொரு செலவும் இருந்தது. மின்வாரியம் உலகின் மிகப் பெரிய கடனாளி நிறுவனங்களில் ஒன்றானது. டாலரில் வாங்கிய கடன், எண்பதுகளின் தொடக்கத்தில் டாலர் ஏறியபோது கூடுதலாகக் கடித்தது. அரசின் பெயர் பின்னால் இல்லையென்றால் அந்த வட்டிக்கு அவ்வளவு பணம் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் கிடைத்திருக்காது.

தாவலின் உச்சம் சூப்பர்ஃபீனிக்ஸ். எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளை ஈனும் அதிவேக ஈனுலை, 1200 மெகாவாட், க்ரேஸ்-மால்வில்லில் கட்டியது. அந்த வகையில் ஒன்றே ஒன்று. திரவ சோடியம் கசிந்தது, பழுது, வழக்கு, மறுபடி பழுது. 1986-இல் மின்தொடரில் சேர்ந்தது பெரும்பாலும் நின்றே கிடந்து, பிரதமர் ஜோஸ்பானின் அரசால் மூடப்பட்டது. இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. கல்பாக்கத்தில் இருக்கும் சிறிய சோதனை ஈனுலை, பிரான்சின் கதராஷில் இயங்கிய ரப்சொதி உலையை ஒட்டி, 1969-இல் போட்ட ஒப்பந்தப்படி திட்டமிட்டது. மெஸ்மெர் உரைக்கு இரண்டரை மாதம் கழித்து, 1974 மே 18 அன்று, இந்தியா பொக்ரானில் அணுகுண்டைச் சோதித்தது. செறிவூட்டிய யுரேனியம் தருவதாக இருந்த பிரான்ஸ் கையை விரித்தது. கல்பாக்கம், பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் புளூட்டோனியம் மிகுந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே உருவாக்கினார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலை உயிர்பெற்றது. அதே பிரான்ஸ் 1982-இல் அமெரிக்கா விட்ட இடத்தில் தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் தர முன்வந்தது என்பது இன்னொரு சுவையான முரண்.

மூன்றாவது மறுப்பு, சுதந்திரம் என்ற சொல்லைப் பற்றியது. எண்ணெய்க்கு அரபு நாடுகளை நம்பியிருந்தவர்கள் யுரேனியத்துக்கு நைஜரை நம்பினார்கள். என்ன பெரிய வித்தியாசம்? சகாரா விளிம்பில் ஆர்லித் என்ற ஊரில் 1971 முதல் பிரெஞ்சு நிறுவனம் யுரேனியம் தோண்டியது. பிரான்சின் சொந்தச் சுரங்கங்களில் கடைசியானது 2001-இல் மூடியது. ஆனாலும் அரசின் புள்ளிவிவரங்களில் அணுமின்சாரம் உள்நாட்டு எரிசக்தி என்றே கணக்காகிறது; இந்தக் கணக்குச் சாமர்த்தியத்தை எதிர்ப்பாளர்கள் கேலி செய்வதில் நியாயம் உண்டு. நைஜரில் 2023 ஜூலை ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்தச் சுரங்கம் பிரான்சின் கையை விட்டுப் போனது. ஆனால் உலைகள் நிற்கவில்லை. கஜகஸ்தான், ஆஸ்திரேலியா, நமீபியா, உஸ்பெகிஸ்தான் என்று பல கடைகள் உண்டு. யுரேனியத்துக்கு ஆகும் செலவு ஒரு யூனிட் விலையில் சிறு துண்டு. பல ஆண்டுத் தேவையைக் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெயை அப்படி வைக்க இடம் போதாது. சார்பு இல்லாமல் போகவில்லை, அதன் பிடி தளர்ந்தது. ஆர்லித் மக்களுக்குக் கிடைத்தது என்ன, அங்கே மலைபோல் குவிந்த கழிவு மண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளை இந்தப் பதில் தொடவில்லை. பிரெஞ்சு மின்கட்டண ரசீதில் அந்த வரி ஒருபோதும் அச்சாகவில்லை.

கழிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அங்கே கதை இன்னும் நடக்கவில்லை. எரிந்த எரிபொருளை நார்மண்டியின் லா ஆக் ஆலையில் கரைத்துப் பிரித்து, கடும் கதிர்வீச்சுள்ள மிச்சத்தைக் கண்ணாடியில் உருக்கி வார்த்து வைக்கிறார்கள். அரை நூற்றாண்டில் சேர்ந்தது சில ஆயிரம் கன மீட்டர். ஒரு பெரிய கல்யாண மண்டபம் கொள்ளும். அளவு சிறியது, ஆயுள் பெரியது. பூரே என்ற கிராமத்தின் கீழே 500 மீட்டர் ஆழத்துக் களிமண் அடுக்கில் புதைப்பது என்பது திட்டம். இதற்கான ஆய்வுக்குச் சட்டம் போட்டது 1991-இல். இன்றுவரை ஒரு குப்பிகூட இறங்கவில்லை. நிலக்கரி நிலையம் தன் கழிவை அன்றன்றே வானத்தில் விட்டுவிடுகிறது, அணு நிலையமோ தன் கழிவை எண்ணி வைத்திருக்கிறது என்ற ஒப்பீடு அணுவுக்குச் சாதகம்தான். ஆனால் எண்ணி வைத்திருப்பதும் தீர்த்து வைத்திருப்பதும் ஒன்றில்லை.

ஏடு மூடப்பட்ட பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. மின்தேவை பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்ற கணிப்பில் ஆர்டர்கள் போனதால், எண்பதுகளின் நடுவில் உலைகள் தேவைக்கு மிஞ்சின. ஆர்டர் சுருங்கியது, பிறகு நின்றது. கடைசி உலை 1999-இல் இணைந்தது. அடுத்த உலைக்கு ஃப்ளாமன்வில்லில் கான்கிரீட் ஊற்றியது 2007 டிசம்பரில். இடையில் கட்டியவர்கள் ஓய்வுபெற்றார்கள், சப்ளை ஆலைகள் வேறு வேலைக்குப் போயின. ஈபிஆர் என்ற புது வடிவம், 1600 மெகாவாட்டுக்கு மேல், மறுபடியும் ஒரு தாவல். மதிப்பீடு 3.3 பில்லியன் யூரோ. 2012-இல் முடிய வேண்டும். கலன் மூடியின் எஃகில் கார்பன் அளவு மிகுந்திருப்பதை 2015-இல் கண்டார்கள். வார்த்தது பழைய புகழ்பெற்ற அதே லெ க்ரெசோ. பிரதான நீராவிக் குழாய்களில் கட்டிடச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் எட்டு வெல்டிங்குகள் தரமில்லை என்று 2019-இல் அணு பாதுகாப்புக் கட்டுப்பாட்டு ஆணையம் பிரித்துச் செய்யச் சொன்னது. கை நுழையாத இடம், ரோபோவைச் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 21 அன்று உலை மின்தொடரில் இணைந்தபோது, மின்வாரியத்தின் சொந்தக் கணக்கே 13.2 பில்லியன். தாத்தா ஆறு ஆண்டில் கட்டியதைப் பேரன் பதினேழு ஆண்டில் கட்டினான். அதே ஈபிஆர் சீனாவின் தைஷானில் 2009-இல் தொடங்கி 2018-இல் முடிந்தது. சீனர்கள் அதிபுத்திசாலிகள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அங்கே வெல்டர் ஓர் உலை முடிந்து அடுத்த உலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இன்றைய மறுப்பாளர் ஒருவர் இதையே எடுத்து என்மேல் திருப்பலாம். அச்சும் திரும்பச் செய்தலும்தான் ரகசியம் என்றால், அந்தக் கலையின் இன்றைய மன்னன் சூரியத் தகடு அல்லவா? கோடிக்கணக்கில் ஒரே மாதிரி வார்க்கிறார்கள், விலை பாதாளத்துக்கு விழுந்திருக்கிறது. உண்மை. 1974-இல் இந்தத் தேர்வு மெஸ்மெர் முன் இல்லை, இன்று இருக்கிறது. வெயில் கொட்டும் நாட்டில் முதல் யூனிட்டைச் சூரியனிடமிருந்து எடுக்காதவர் கணக்குத் தெரியாதவர். ஆனால் பிரான்சில் 2012 பிப்ரவரி 8 அன்று மாலை ஏழு மணிக்கு மின்தேவை 1,02,000 மெகாவாட்டை எட்டியது. பொழுது சாய்ந்து இருட்டியிருந்தது. குளிர் ஒரு டிகிரி கூடினால் தேவை 2,400 மெகாவாட் கூடும், ஏனென்றால் வீட்டு ஹீட்டர்கள் மின்சாரத்தில். உலைகளுக்காக ஹீட்டரை வளர்த்து, ஹீட்டருக்காக உலைகளை வைத்திருக்க வேண்டிய நிலை. சூரியனும் காற்றும் முதல் பாதியை மலிவாகத் தரும். பனிக்கால இரவின் கடைசிப் பகுதி எதிலிருந்து வரும் என்பதில்தான் அணுவின் இன்றைய பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒன்றிரண்டு உலை வேண்டும் என்று நினைக்கும் நாடு ஃப்ளாமன்வில் விலைதான் கொடுக்கும். 2017 மே மாதம் இந்திய அரசு ஒரே வடிவில் 700 மெகாவாட் கனநீர் உலைகள் பத்தை மொத்தமாக அனுமதித்ததற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே. ஜைதாப்பூரில் ஆறு ஈபிஆர் கட்ட 2010-இல் பிரான்சோடு போட்ட உடன்பாடு இன்னும் தாளை விட்டு இறங்காததற்கும் விலை ஒரு பெரிய தடை. குடியரசுத் தலைவர் மக்ரோன் 2022 பிப்ரவரியில் டர்பைன் நகரமான பெல்ஃபோரில் நின்று அறிவித்ததும் ஓர் உலை அன்று, ஒரே வடிவில் ஆறு. தேவைப்பட்டால் மேலும் எட்டு. முதல் மதிப்பீடான 51.7 பில்லியன் யூரோ அதற்குள்ளேயே பின்தங்கிவிட்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மின்சாரம் தூய்மையானதால் நாடு தூய்மையாகிவிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இறுதியாக நுகரும் எரிசக்தியில் மின்சாரம் கால் பங்குதான். காரும் லாரியும் பெரும்பாலும் பெட்ரோலிலும் டீசலிலும் ஓடுகின்றன. பல வீடுகளும் ஆலைகளும் எரிவாயுவை எரிக்கின்றன. மெஸ்மெரின் முழக்கம் 'எல்லாம் மின்சாரம்' என்பது. ரயிலையும் ஹீட்டரையும் தாண்டி அது சாலைக்கு வரவே இல்லை. எண்ணெய் விலை 1986-இல் சரிந்ததும் அவசரம் போய்விட்டது.

ஃபெஸ்ஸென்ஹைமின் இரண்டு உலைகளும் 2020-இல் அணைக்கப்பட்டன. 34-இல் முதலில் பிறந்தவை. பழுதால் போகவில்லை, ஒரு தேர்தல் வாக்குறுதியால் போயின. அங்கிருந்து ரைன் ஆற்றோடு வடக்கே சிறிது தூரம் போனால் எதிர்க்கரையில் வீல் என்ற ஜெர்மன் கிராமம். அங்கேயும் ஓர் அணுமின் நிலையம் வரவிருந்தது. 1975 பிப்ரவரியில், பாரிசில் 400 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட அதே மாதத்தில், திராட்சைத் தோட்டக்காரர்கள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நிலையம் கடைசிவரை வரவில்லை. அந்தக் கரையின் கதை அடுத்த பகுதியில்.